கடலில் மாடு இறக்கியவர்கள்

செவ்வாய், வைமேயா

ஹவாயின் கோனா விமான நிலையத்தில் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வடக்கே கிளம்பினோம். சாலையின் இரண்டு பக்கமும் எரிமலைக் குழம்பு உறைந்து கறுப்பாகக் கிடக்கிறது. புல் பூண்டு இல்லை. "இந்தப் பாறையில எந்த மாடு மேயும்?" என்று மனைவி கேட்டாள். சாலை மேட்டில் ஏறத் தொடங்கியதும் அவளுக்கே விடை கிடைத்துவிட்டது. முதலில் காய்ந்த மஞ்சள் புல் வந்தது, பிறகு பச்சை, அதன்பின் பனிமூட்டம். ஊருக்குள் நுழையும்போது வைப்பர் போட வேண்டியிருந்தது.

வைமேயா கடல் மட்டத்திலிருந்து 2,700 அடி உயரத்தில், கோஹாலா மலைக்கும் மௌனா கேயா எரிமலைக்கும் நடுவே உள்ள தாழ்வான இடத்தில் இருக்கிறது. வடகிழக்குக் காற்று கொண்டுவரும் மழை ஊரின் கிழக்குப் பாதியிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. மேற்குப் பாதிக்கு மிஞ்சுவது காற்று மட்டும். உள்ளூர்க்காரர்கள் வழி சொல்லும்போதே "ஈரப்பக்கம்", "காய்ந்த பக்கம்" என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் அறை ஈரப்பக்கத்தில். பிப்ரவரி மாதம்; ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியவில்லை. ஜன்னல் வழியாக மௌனா கேயாவின் உச்சியில் பனி தெரிகிறது. ஹவாய் என்றால் கடற்கரை என்று நினைத்துப் பெட்டி கட்டியவர்கள் இங்கே வந்து கஷ்டப்படுவார்கள்.

குதிரையில் ஏறி மாடு மேய்ப்பவன் என்றதும் நமக்கெல்லாம் டெக்சஸ்தான் நினைவுக்கு வரும். டெக்சஸ் மந்தைகளைக் கன்சாஸ் ரயிலடி வரை ஓட்டிப்போன அந்தப் பிரபலமான காலம், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு, 1860களின் பிற்பகுதியில் தொடங்கியது. ஹவாயிலோ 1830களிலேயே குதிரைமேல் மாடு பிடிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போது ஹவாய் தனி அரசு. அமெரிக்காவின் பகுதியாகவே இல்லை. இங்கே அந்த வேலையைச் செய்பவர்களுக்குப் பனியோலோ என்று பெயர். ஒரு பனியோலோவாவது பேசக் கிடைக்க மாட்டாரா என்ற ஆசையில்தான் இந்த ஊருக்கு வந்தோம்.

அதிர்ஷ்டம் முதல் நாளே அடித்தது. அறையை வாடகைக்கு விட்டிருக்கும் அம்மாவின் அப்பா பின்வீட்டில் இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், வாழ்நாள் முழுக்கக் குதிரைமேல் இருந்தவர். இந்தத் தீவில் வயதில் மூத்த யாரையும் அங்கிள் என்றே கூப்பிடுகிறார்கள். நமக்கு அதில் என்ன சிரமம்? வந்த ஐந்தாவது நிமிஷத்திலிருந்து அவர் எங்களுக்கு அங்கிள்தான்.

புதன், வைமேயா

காலை ஆறு மணிக்கு அங்கிளின் கொட்டகையில் காபி. அவருக்கு அது அரை நாள் கழிந்த நேரம். வேலையில் இருந்த காலத்தில் மூன்று மணிக்கு எழுந்து, இருட்டிலேயே குதிரையைப் பிடித்துச் சேணம் போட்டு, விடியும்போது தூரத்து மேய்ச்சல் நிலத்தின் எல்லையில் நிற்க வேண்டுமாம். வெயில் ஏறிவிட்டால் மாடு நிழலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், கிளப்ப முடியாது. பதினைந்து வயதில் சேர்ந்திருக்கிறார். இந்தத் தீவிலேயே பல பண்ணைகளில் மாறி மாறி வேலை. பண்ணைகளின் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கொட்டகையில் ஒரு பழைய கயிறு தொங்குகிறது. பச்சைத் தோலில் பின்னியது, அவருடைய அப்பா செய்தது. முழுத் தோலை விளிம்பிலிருந்து சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டே போனால் ஒரே நீள வார் கிடைக்கும். அப்படி எடுத்த வார்களை நான்கு பிரியாகப் பின்னி, இழுத்துக் கட்டி, கொழுப்பு தடவிப் பதப்படுத்துவார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். எதிர்பார்த்ததைவிடக் கனம் அதிகம். காற்றில் வீசினால் அந்தக் கனம்தான் வளையத்தைக் கலையாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றார். இப்போது எல்லோரும் நைலானுக்கு மாறிவிட்டார்கள். "மழையில ஊறாது, எலி கடிக்காது. நானும் மாறிட்டேன்." பழம்பெருமை பேசுவார் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு இது பிடித்திருந்தது.

மாட்டின் கழுத்திலோ கொம்பிலோ சுருக்கு விழுந்ததும், கையில் மிஞ்சியிருக்கும் கயிற்றைச் சேணத்தின் முன்னால் நிற்கும் கொம்பில் சட்டென்று சுற்ற வேண்டும். ஒரு முனையில் ஓடும் மாடு, இன்னொரு முனையில் ஓட்டத்தை நிறுத்தும் குதிரை. நடுவில் விரல் சிக்கினால் விரல் போச்சு. அங்கிளின் வலது கட்டைவிரலில் மேல் கணு இல்லை. எனக்குக் காட்டுவதற்காகக் கையை விரித்தாரே தவிர, அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. எபன் லோ என்ற பண்ணைக்காரர் கயிற்று விபத்தில் இடது கையையே இழந்தவர். அவர் கதைக்கு வருகிறேன்.

"கயிறு வீசறது வேலையில பத்துல ஒரு பங்கு" என்றார் அங்கிள். மீதி? வேலி, தண்ணீர். காய்ந்த பக்கத்தில் ஓடையே கிடையாது. கோஹாலா மலையின் மழையைக் குழாய் போட்டு மைல் கணக்கில் கொண்டுவந்து தொட்டிகளில் நிரப்புகிறார்கள். ஒரு தொட்டியின் மிதவை வால்வு அடைத்துக்கொண்டால் மாடு தாகத்தில் வேலியை முறிக்கும். முறித்த வேலி வழியாக இன்னொருவன் நிலத்துக்குள் போகும். அதைத் திரும்பப் பிரித்துக் கொண்டுவர இரண்டு நாள். அதனால் பனியோலோ தினமும் பார்க்கப்போவது முதலில் தொட்டியைத்தான், மாட்டை அதற்குப் பிறகு. குதிரையில் போவதற்குக் காரணமும் அலங்காரம் இல்லை. எரிமலைப் பாறையும் குழியுமான சரிவுகளில் சக்கரம் போகாத இடம் இன்னும் இருக்கிறது.

மதியம் ஊருக்குள் போனோம். கடைத்தெருவில் இகுவா பர்டியின் வெண்கலச் சிலை இருக்கிறது. மாட்டைச் சுருக்கில் பிடிக்கும் கணத்தில் குதிரையோடு நிற்கிறார். 1873இல் இந்த ஊரில் பிறந்தவர். எபன் லோ 1907இல் வயோமிங் மாநிலத்தின் ஷையன் நகரில் நடக்கும் பெரிய ரோடியோவை, அதாவது மாடு பிடிக்கும், குதிரையேறும் போட்டிகளின் விழாவைப் பார்த்திருக்கிறார். இதைவிட நம் ஆட்கள் தேவலை என்று தோன்றியிருக்கிறது. அடுத்த வருஷமே பர்டி, ஜாக் லோ, ஆர்ச்சி காவுவா மூவரையும் கப்பலேற்றி அனுப்பினார். தலையில் பூமாலை சுற்றிய தொப்பி, அந்த ஊர்க்காரர்கள் பார்த்திராத சேணம், இரவல் குதிரை. சுற்றியிருந்தவர்கள் வேடிக்கையாகத்தான் பார்த்திருப்பார்கள். பர்டி 56 விநாடியில் காளையைப் பிடித்துக் கட்டி உலக சாம்பியன் ஆனார். காவுவாவுக்கு மூன்றாம் இடம், ஜாக் லோவுக்கு ஆறாம் இடம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. பட்டத்தைத் தக்கவைக்க பர்டி ஷையனுக்குத் திரும்பிப் போகவே இல்லை. மாவி தீவின் உலுபலகுவா பண்ணைக்குக் குடிபெயர்ந்து, மேஸ்திரியாக மாடுகளோடு காலத்தைக் கழித்து, 1945இல் காலமானார். ஓக்லஹோமாவில் உள்ள தேசிய கௌபாய் அருங்காட்சியகம் அவரைத் தன் புகழ் மண்டபத்தில் சேர்த்தது 1999இல்தான்.

இரவு மலசாடா சாப்பிட்டோம். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் விட்டுச்சென்ற, சர்க்கரையில் புரட்டிய பலகாரம். மாட்டிறைச்சி ஊரில் சைவக்காரியான என் மனைவியைக் காப்பாற்றியது அதுதான்.

வியாழன், மானா சாலை

இன்று அங்கிளின் பிக்கப் வண்டியில். மானா சாலை வைமேயாவிலிருந்து கிளம்பி மௌனா கேயாவின் கிழக்கு இடுப்பைச் சுற்றிக்கொண்டு போகும் மண் பாதை, ஏறக்குறைய 45 மைல். வாடகைக் காரில் வர நினைக்க வேண்டாம். வழி நெடுக கேட்டுகள். இறங்கித் திறந்து மூடும் வேலை எனக்கு. மூடியிருந்த கேட்டை மூடிவிட்டு வரவேண்டும், திறந்திருந்ததைத் திறந்தபடியே விட வேண்டும். திறந்து கிடந்த ஒன்றை நல்லெண்ணத்தில் மூடப் போனேன். வண்டிக்குள்ளிருந்து சத்தம் வந்தது: "உள்ள இருக்கற மாடு தண்ணிக்கு எங்க போகும்?"

வழியில் வரலாற்றுப் பாடம் நடந்தது. நான் ஏற்கெனவே படித்துவைத்திருந்ததும் அங்கிள் சொன்னதும் கலந்து எழுதுகிறேன்.

1793இல் ஆங்கிலக் கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவர் கலிபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த நீண்ட கொம்பு மாடுகளைக் கமேஹமேஹா அரசருக்குப் பரிசாகக் கொடுத்தார். பெருகட்டும் என்று அரசர் பத்து வருஷம் கொல்லத் தடை போட்டார். பெருகின. புலி, ஓநாய் இல்லாத தீவில் வேறென்ன ஆகும்? மாட்டைத் தடுக்கும் வேலி இல்லாத ஊரில் தோட்டத்தைத் தின்று, கூரைப் புல்லைத் தின்று, காட்டுக்குள் ஏறி, ஆளைக் கண்டால் முட்டும் காட்டுமாடுகளாகிவிட்டன. கோனா பக்கம் ஆளுநர் குவாகினி காலத்தில் மைல் கணக்கில் எழுப்பிய கல்சுவர் இன்றும் நிற்கிறது. 1803இல் வேறொரு கப்பலில் முதல் குதிரைகள் வந்தன. ஆனால் குதிரைமேலிருந்து மாட்டைப் பிடிக்கும் வித்தை வர மேலும் முப்பது வருஷம் ஆயிற்று. மூன்றாம் கமேஹமேஹா 1832 வாக்கில் மெக்சிகோவின் ஆளுகையில் இருந்த கலிபோர்னியாவிலிருந்து வாக்கேரோக்களை, அதாவது குதிரைமேல் மாடு மேய்ப்பவர்களை வரவழைத்தார். சேணம், கயிறு, குதிரையைத் தூண்டும் குதிமுள், கித்தார் எல்லாம் அவர்களோடு வந்தவை. ஹவாய்க்காரர்கள் ஒவ்வொன்றையும் தங்கள் மழைக்கும் பாறைக்கும் தக்கபடி திருத்திக்கொண்டார்கள். கித்தாரின் நரம்பைத் தளர்த்தி வேறு சுருதி வைத்து வாசிக்கும் ஹவாய் முறையும் இந்தக் கொட்டகைகளில் வளர்ந்ததுதான்.

வாக்கேரோக்கள் வருவதற்கு முன் துப்பாக்கியாலும் குழியாலும்தான் வேட்டை. ஜான் பால்மர் பார்க்கர் அப்படி வந்தவர். மாசச்சூசெட்ஸிலிருந்து கப்பலில் வந்து 1809இல் இறங்கிய வாலிபர், அரசருக்காகக் காட்டுமாடு சுட்டு, இறைச்சியை உப்புப் போட்டுத் தோலும் கொழுப்புமாக விற்க உதவினார். கிபிகானே என்ற அரச குலப் பெண்ணை மணந்தார். 1847இல் இந்த மானாவில் கிடைத்த 2 ஏக்கரிலிருந்து தொடங்கியது பார்க்கர் பண்ணை. இன்றும் அது சுமார் 1,30,000 ஏக்கர். அந்தக் குடும்பத்தில் பண்ணையின் கடைசி உரிமையாளரான ரிச்சர்ட் ஸ்மார்ட் மாட்டைவிட மேடையை நேசித்தவர், நியூயார்க்கின் பிராட்வே நாடக அரங்குகளில் பாடி நடித்தவர். 1992இல் இறக்கும்போது பண்ணையை ஊர் மருத்துவமனைக்கும் பள்ளிகளுக்கும் பயன்படும் அறக்கட்டளையாக விட்டுச்சென்றார்.

குழியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. மதியம் அந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்தோம். அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரமாக விற்கும் டக்ளஸ் ஃபிர் மரத்தின் பெயரில் இருக்கும் டேவிட் டக்ளஸ் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர். 1834 ஜூலையில் தன் நாயோடு இந்தப் பாதையில் நடந்து வந்தவர், காட்டுமாடு பிடிக்க வெட்டிவைத்த குழியில் செத்துக் கிடந்தார். உள்ளே ஒரு காளையும் இருந்தது. வயது 35. அன்று காலை அவர் சாப்பிட்டது நெட் கர்னி என்ற மாட்டு வேட்டைக்காரனின் குடிலில். ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டுத் தண்டனை அனுபவித்தவன். அவன்தான் காசுக்காகக் கொன்று குழியில் தள்ளினான் என்ற பேச்சு அன்றே கிளம்பி இன்றுவரை ஓயவில்லை. கல்லில் நினைவுச் சின்னம் வைத்துச் சுற்றிலும் அவர் பெயர் கொண்ட மரங்களையே நட்டிருக்கிறார்கள். கர்னி செய்தானா இல்லையா என்று அங்கிளிடம் கேட்டேன். "பிடிபட்ட காளை இருக்கற குழியோட விளிம்புல நின்னு எட்டிப் பாத்தா யார் தள்ளணும்? மண்ணே சரியும்." தொழில்காரரின் தீர்ப்பு. நான் அவர் கட்சி.

குழியைவிட எனக்குப் புதிதாக இருந்தது, கயிறு வந்த பிறகு காட்டுமாட்டை உயிரோடு கீழே கொண்டுவந்த விதம். காட்டுக்குள் துரத்திச் சுருக்குப் போட்டதும் உடனே இழுத்துவர முடியாது. குத்திக் குடலை எடுத்துவிடும். அருகிலிருக்கும் மரத்தோடு கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்றிரண்டு நாள் திமிறித் திமிறி அலுத்த பிறகு, பழகிய எருது ஒன்றைக் கொண்டுவந்து இரண்டின் கழுத்தையும் சேர்த்துப் பிணைப்பார்கள். பழகிய எருதுக்குத் தன் பட்டிக்குப் போகும் வழி தெரியும். முரட்டு மாட்டை அது இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இந்தச் சரிவெல்லாம் கோவா மரமும் மாமானே மரமும் நிறைந்த காடாக இருந்தவை. மாடும் ஆடும் கன்று மரங்களைத் தின்றே காட்டை வயதாகச் சாகவிட்டன. 1985இல் ஏற்படுத்திய ஹகலாவ் வனச் சரணாலயத்தில் இப்போது மரம் நட்டுப் பறவைகளை மீட்கப் பார்க்கிறார்கள். 2021இல் இதே சாலையின் பெயரால் அழைக்கப்படும் பெருந்தீ 40,000 ஏக்கருக்கும் மேல் எரித்தது. மேயாத புல் காய்ந்தால் வெடிமருந்து என்கிறார்கள் பண்ணைக்காரர்கள். காடு இருந்திருந்தால் அந்தப் புல்லே இருந்திருக்காது என்கிறார்கள் மற்றவர்கள். அங்கிள் இரண்டையும் ஒப்புக்கொள்கிறார். நாள் முழுக்கப் பேசியவர் இந்த ஒரு விஷயத்தில் சட்டென்று பேச்சை மாற்றினார்.

வெள்ளி, கவைஹாய்

வைமேயாவிலிருந்து மேற்கே பன்னிரண்டு மைல் இறங்கினால் கவைஹாய் துறைமுகம். சாரலில் கிளம்பி வெயிலில் போய் இறங்கினோம். துறைமுகத்துக்குப் பக்கத்து மேட்டில் 1790–91இல் கமேஹமேஹா கட்டிய புவுகோஹோலா என்ற கல் கோயில். சுண்ணாம்பு, காரை எதுவும் இல்லாமல் அடுக்கிய கற்கள். அதன் கீழே உள்ள கரையில்தான் நான் இந்தத் தீவுக்கு வந்த காரணமே இருக்கிறது.

வேறு எங்கும் குதிரைமேல் மாடு ஓட்டுபவனின் வேலை ரயிலடியிலோ சந்தையிலோ முடியும். இங்கே கடலில் முடிந்தது. வாங்குபவர்கள் ஹோனோலுலுவில் இருந்தார்கள். பெரிய கப்பல் கரைக்கு வர ஆழமில்லை, படகுத்துறையும் இல்லை. அங்கிளின் அப்பா அந்த வேலையைச் செய்தவர். அவர் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர் அங்கிள்.

முந்தைய இரவே மந்தையை மேட்டிலிருந்து இறக்குவார்கள். குளிரில் நடந்தால்தான் எடை குறையாது. விடியலில் கரையோரப் பட்டியில் அடைப்பார்கள். ஒரு பனியோலோ பட்டிக்குள் குதிரையோடு நுழைந்து, ஒரு மாட்டின் கொம்பில் சுருக்குப் போட்டு, குதிரையை நேராக அலைக்குள் விடுவான். மாடு விரும்பிப் போகாது. குதிரை இழுக்கும், பின்னால் ஒருவன் விரட்டுவான். ஆழம் வந்ததும் குதிரையும் நீந்தும், மாடும் நீந்தும். அங்கே நிற்கும் திமிங்கல வேட்டைப் படகில் இருப்பவர்கள் கயிற்றை வாங்கி, மாட்டின் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும்படி படகின் விளிம்போடு சேர்த்துக் கட்டுவார்கள். இந்தப் பக்கம் சில, அந்தப் பக்கம் சில. எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் படகு சாயும். இருபக்கமும் மாட்டுத் தலைகளோடு படகு நீராவிக் கப்பலுக்குப் போகும். ஹுமுவுலா என்ற கப்பலின் பெயரை ஊரில் இன்றும் சொல்கிறார்கள். கப்பலில் இருந்து வயிற்றுப் பட்டை இறங்கும். அதை மாட்டின் அடியில் மாட்டி, பாரந்தூக்கியால் நாலு காலும் தொங்கத் தூக்கிக் கப்பலின் தளத்தில் இறக்குவார்கள்.

பிறகு குதிரை திரும்பிக் கரைக்கு வரும், அடுத்த மாட்டுக்கு. நாள் முழுக்க.

எல்லாக் குதிரையும் இதற்குச் சரிப்படாது. மலையில் பாறைமேல் பூனைபோல் நடக்கும் குதிரை அலையைக் கண்டால் பின்னங்காலில் நிற்கும். கடலுக்கென்று தனியாகக் குதிரை வைத்திருந்தார்கள். அங்கிளின் அப்பா அதற்கென்று ஒரு பழைய சேணமும் வைத்திருந்தாராம், உப்புநீர் பட்டால் நல்ல தோல் வெடித்துவிடும் என்பதால். புதுக் குதிரையைப் பழக்குவதையும் சிலர் கடலிலேயே செய்தார்கள். மார்பளவு தண்ணீரில் துள்ள முடியாது, துள்ளினாலும் மேலிருப்பவன் விழுந்தால் அடிபடாது. சுறா? "அப்பாவுக்குச் சுறாவைவிட மாட்டோட கால் பயம். தண்ணிக்கு அடியில எங்க உதைக்கும்னு தெரியாது."

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற இடத்தில் இப்போது கான்கிரீட் துறை. இந்தத் தீவின் கன்றுகள் பால் மறந்ததும் பெரும்பாலும் கப்பலேறிவிடுகின்றன. கலிபோர்னியா பக்கத்துக்கும் அதற்கு அப்பாலும் போய், தானியம் தின்று கொழுத்து, அங்கேயே வெட்டுப்படுகின்றன. காற்றோட்டத்துக்குத் துளை வைத்துத் தண்ணீர்த் தொட்டியோடு செய்த கன்டெய்னர்கள்தான் வாகனம். விமானத்தில் போவதும் உண்டு. தீவில் தானியம் விளைவதில்லை. தானியத்தைக் கப்பலில் இங்கே கொண்டுவருவதைவிடக் கன்றைக் கப்பலில் அங்கே அனுப்புவது மலிவு. அப்புறம் ஹவாய்க்காரன் தன் தட்டில் போடும் மாட்டிறைச்சியில் பெரும்பங்கு அதே கடல் வழியாகத் திரும்பி வருகிறது. இங்கேயே புல்லில் வளர்த்து இங்கேயே விற்க முயல்பவர்களும் இருக்கிறார்கள். அறுக்கும் கூடம் போதாமல் அவர்கள் திணறுகிறார்கள்.

இதில் அங்கிளுக்குக் கோபம் இருக்கிறது. அறுபது வருஷம் மாடு வளர்த்தவர், தான் வளர்த்த மாட்டில் எத்தனையைச் சாப்பிட்டிருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். கன்டெய்னர் கட்டணம், தீவனம், வறட்சி, நில வரி என்று விரல் மடக்கிக்கொண்டே போனார். கடலுக்குள் மாட்டை இழுத்துப்போன அவருடைய அப்பாவின் பெயர் எந்தச் சிலையிலும் இல்லை. ஓய்வுபெற்றபோது இவருக்குக் கிடைத்தது பெல்ட் பக்கிள் ஒன்று. இடுப்பெலும்பு மூட்டு மாற்று அறுவை இரண்டு பக்கமும் ஆகிவிட்டது. இன்னமும் ஏறுகிறீர்களா என்றேன். ஏறுகிறாராம், ஒரு பாறைமேல் நின்று. "எறங்கறதுதான் கஷ்டம்."

திரும்பும்போது வைமேயாவில் ஆனா லிண்ட்ஸியின் பண்ணை வீட்டை வேகமாக ஒரு சுற்றுப் பார்த்தோம். அப்பா இறந்ததும் 1939இல் நொடித்துப்போயிருந்த பண்ணையைக் கையிலெடுத்து நடத்திய பெண். ஆண்களோடு மாடு ஓட்டுவார், பந்தயக் குதிரை ஓட்டுவார், பண்டிகை ஊர்வலத்தில் நீளப் பாவாடை பறக்கச் சவாரி போவார். மனைவி அங்கேயே இன்னும் இரண்டு மணி நேரம் இருந்திருப்பாள். மூடும் நேரம் ஆகிவிட்டது.

சனி, ஹீலோ

அமெரிக்காவின் ஜனாதிபதிகள் தின விடுமுறையோடு சேர்ந்த நீண்ட வார இறுதி. ஹீலோவுக்கு வெளியே பனயேவாவில் ஆண்டுதோறும் நடக்கும் ரோடியோ. மழை. ஹீலோவில் மழையைக் காரணம் காட்டி எதையும் நிறுத்துவதில்லை. மைதானம் முழுக்கச் சேறு, குதிரைகள் வயிறு வரை பழுப்பு. அங்கிள் பிளாஸ்டிக் கோட்டும், தொப்பியில் பேத்தி கட்டிக்கொடுத்த மாலையுமாக முதல் வரிசையில். ஒவ்வொரு சவாரிக்காரனும் வேலியோரம் வந்து அவருக்குக் கைகொடுத்துவிட்டுப் போகிறான்.

கன்றுப் பிடித்தல், காளைச் சவாரி எல்லாம் எந்த ரோடியோவிலும் உள்ளவை. நாங்கள் காத்திருந்தது போவோ வாய் ஊ என்ற ஆட்டத்துக்கு. ஹவாயைத் தவிர வேறெங்கும் இதை ஆடுவதில்லை. மைதானத்தில் கவட்டையாகப் பிரிந்த ஒரு மரக்கம்பம் நட்டிருக்கிறார்கள். மாட்டைச் சுருக்கில் பிடித்து, கயிற்றைக் கவட்டைக்குள் போட்டு, மாட்டைக் கம்பத்தோடு ஒட்ட இழுத்து நிறுத்த வேண்டும். மானா சாலையில் அங்கிள் சொன்ன அதே மரம், அதே வேலை. இப்போது கையில் கடிகாரத்தோடு நடுவர் நிற்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் வந்தவன் மாட்டைப் பிடித்தான், கம்பத்தைத் தவறவிட்டான். அடுத்தவனின் குதிரை சேற்றில் சறுக்கி முட்டி போட்டது, எழுந்துவிட்டது. மூன்றாவதாக வந்த பையனுக்குப் பதினெட்டு வயதிருக்கும். சுருக்கு நேராகக் கொம்பில் விழுந்தது. குதிரையைக் கவட்டைக்கு அந்தப்பக்கம் சுற்றிக் கொண்டுபோய், கயிற்றைச் சேணக் கொம்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, மாடு கம்பத்தில் மோதும் வரை குதிரையைப் பின்னால் நடத்தினான். கூட்டம் எழுந்து நின்றது. மனைவியும்தான், அந்த மாட்டுக்காகப் பரிதாபப்பட்டுக்கொண்டே கைதட்டினாள்.

அங்கிள் உட்கார்ந்தபடியே இருந்தார். நன்றாகச் செய்தானே என்றேன்.

"கயித்த ரொம்ப நீளமா விட்டான். காட்டுல இவ்வளவு நீளம் விட்டா நடுவுல இன்னொரு மரம் வந்திருக்கும்." பையன் வேலியோரம் வந்தபோது அதையே அவனிடமும் சொன்னார். அவன் தொப்பியைக் கழற்றிக் கேட்டுக்கொண்டு, சரி அங்கிள் என்று போனான். அவன் கட்டைவிரல் இன்னும் முழுசாக இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டேன். இருக்கிறது.

போட்டி நாளையும் தொடர்கிறது. எங்களுக்கு நாளை மாலை விமானம், அதனால் காலை ஆட்டங்களை மட்டும் பார்க்க முடியும். வர நினைப்பவர்களுக்கு: கூரைக்குக் கீழே உள்ள இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. குடை விரித்தால் பின்வரிசை திட்டும், மழைக்கோட்டு எடுத்து வாருங்கள். சைவக்காரர்களுக்கு அவித்த சோளமும் பொடித்த ஐஸ் மேல் ஊற்றும் இனிப்புத் தண்ணீரும்தான் கிடைக்கும்.